யாருக்கு மாற்றம், எது நிரந்தரம்?

1

அண்மை ஆண்டுகளாக சென்னைப் புத்தகக் காட்சி நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில்தான் நடக்கிறது. அம்பேத்கரும் பெரியாரும் தலித் இலக்கியமும் விற்கிற அதே வரிசையில் நாலு கடை தள்ளி நிர்வாகவியல் புத்தகங்களை அடுக்கி வைத்திருப்பார்கள். அவற்றில் பலவும் ஒரே போதனையைத்தான் செய்கின்றன. மாற்றத்தை ஏற்றுக்கொள், எதிர்க்காதே, எதிர்ப்பவன் பின்தங்கிப் போவான்.

அமெரிக்காவில் ஸ்பென்சர் ஜான்சன் 1998ல் வெளியிட்ட ஒரு சின்னக் கதைப் புத்தகம் இந்தப் போதனையின் சாரம். ஒரு புதிர்ப்பாதைக்குள் இரண்டு எலிகள், எலி அளவேயான இரண்டு மனிதர்கள். தினமும் ஓரிடத்தில் கிடைத்துவந்த பாலாடைக்கட்டி ஒருநாள் காணோம். எலிகள் யோசிக்காமல் வேறு இடம் தேடி ஓடுகின்றன. மனிதர்கள் உட்கார்ந்து புலம்புகிறார்கள். எலியைப் போல ஓடக் கற்றுக்கொள் என்பது நீதி. இதில் வேடிக்கை என்னவென்றால், என் பாலாடைக்கட்டியை நகர்த்தியது யார் என்பதுதான் புத்தகத்தின் தலைப்பு. உள்ளே போனால் அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. கேள்வி கேட்டு உட்கார்ந்திருப்பதே குற்றம் என்று கதை முடிந்துவிடுகிறது. புதிர்ப்பாதையைக் கட்டினவன் யார், சுவர் யாருக்காக, கட்டியை வைக்கவும் எடுக்கவும் அவனுக்கு அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று எலி கேட்காது. நாம் கேட்கிறோம்.

‘நிறுவன மாற்றமும் மேம்பாடும்’ என்று நிர்வாகவியல் படிப்புகளில் ஒரு பாடம் இருக்கிறது. இன்று நம் பிள்ளைகளும் அதைப் படிக்கிறார்கள். அந்தப் பாடத்தில் ‘மாற்றத்துக்கான எதிர்ப்பு’ என்று ஒரு அத்தியாயம் தவறாமல் வரும். எதிர்ப்பை ஒரு நோய் மாதிரியும் மேலாளரை வைத்தியர் மாதிரியும் வைத்துத்தான் அது பெரும்பாலும் எழுதப்படுகிறது. என் கேள்வி இது: தன்னைக் கேட்காமல் செய்யப்படும் மாற்றத்தை ஒரு தொழிலாளி ஏற்றுக்கொள்ள அறவழியில் கடமைப்பட்டவரா? இதற்குள்ளேயே நமக்கென்று இன்னொரு கேள்வியும் இருக்கிறது. தலித் அரசியல் என்பதே மாற்றத்துக்கான அரசியல். எதுவும் அப்படியே இருக்கக் கூடாது என்று சொல்கிறவர்கள் நாம். அப்படியிருக்க, ‘எங்க வேலையை மாத்தாதே, நிரந்தரமாக்கு’ என்று நம் மக்கள் ரோட்டில் உட்காரும்போது நாம் எந்தப் பக்கம்?

2

இந்தத் துறையின் மூலவர்களில் ஒருவர் கர்ட் லெவின். ஹிட்லர் வந்தபின் 1933ல் ஜெர்மனியை விட்டு வெளியேறிய யூதர். உறைந்திருப்பதை இளக்கு, மாற்று, மறுபடி உறையவை என்ற மூன்று படிநிலைகளை அவர் பெயரால்தான் சொல்லித் தருகிறார்கள். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஹார்வுட் என்ற பைஜாமா ஆலையில் அவரது வழிவந்த கோச், பிரெஞ்ச் என்ற இருவர் ஒரு சோதனை நடத்தி 1948ல் வெளியிட்டார்கள். வேலைமுறை மாறப்போகிறது. ஒரு குழுவிடம் முடிவை அறிவித்துவிட்டார்கள். வேறு குழுக்களிடம் புதிய முறையை எப்படி அமைக்கலாம் என்று உட்கார்ந்து பேசி அவர்களையும் சேர்த்து வடிவமைத்தார்கள். அறிவிப்பை மட்டும் வாங்கிக்கொண்ட குழுவில் முதல் 40 நாளில் 17 சதவீதம் பேர் வேலையை விட்டுப் போனார்கள். பேசிச் செய்த குழுக்களில் ஒருவரும் போகவில்லை, உற்பத்தியும் கூடியது.

ஆக, முதலாளிகளுக்காகச் செய்யப்பட்ட ஆய்வே சொல்லிவிட்டது: கேட்காமல் செய்தால் எதிர்ப்பு வரும். இது தொழிலாளியின் குணக்கேடு அல்ல. ஆனால் ஹார்வுட்டிலும் தொழிலாளியிடம் கேட்டது ‘எப்படி மாற்றலாம்’ என்றுதான். ‘மாற்றலாமா வேண்டாமா’ என்பது முதலாளி ஏற்கனவே முடிவுசெய்துவிட்ட விஷயம். பங்கேற்பு என்ற அழகான சொல்லுக்கு அப்போதே ஒரு வேலி போட்டாகிவிட்டது.

இந்தியாவுக்கு இந்த அறிவு வந்த கதை இன்னும் கவனிக்க வேண்டியது. லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த ஏ.கே. ரைஸ், 1953ல் அகமதாபாத் காலிகோ ஆலையின் தானியங்கித் தறிக்கூடத்தில் வேலையைச் சிறு குழுக்களாக மாற்றி அமைத்தார். 1958ல் அதைப் புத்தகமாகவும் கொண்டுவந்தார். தங்கள் குழுவில் யார் யார் இருப்பது என்பதைத் தொழிலாளர்களே தேர்ந்துகொண்டார்கள். உற்பத்தி கூடியது, சேதம் குறைந்தது. உலகம் முழுக்க இன்றும் எடுத்துக்காட்டப்படும் சோதனை.

நாம் கேட்கவேண்டியது இது: அந்தத் தறிக்கூடத்துக்குள் யார் இருந்தார்கள்? அகமதாபாத் ஆலைகளில் தலித்துகளின் இடம் நூற்புப் பிரிவு. கூலி கூடுதலான நெசவுப் பிரிவு சாதி இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்குமானதாகவே நெடுங்காலம் இருந்தது. பம்பாயிலும் இதே கதை. நாடாவில் நூல் கோர்க்க வாயால் உறிஞ்ச வேண்டும். தீண்டத்தகாதவன் வாய் பட்ட நூலை நாங்கள் எப்படித் தொடுவது என்று நெசவுப் பிரிவின் கதவைச் சாத்திவைத்திருந்தார்கள். 1928 பம்பாய் ஆலை வேலைநிறுத்தக் காலத்தில் அம்பேத்கர் இந்தப் பிரச்சினையைக் கையிலெடுத்தார். வர்க்க ஒற்றுமை பேசிய சங்கங்களுக்கு அது சங்கடமான கேள்வி. சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையே பிரித்து வைப்பது என்று 1936ல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் அவர் எழுதியதற்குப் பின்னால் இந்த ஆலைத் தளமும் இருக்கிறது.

குழுவைத் தொழிலாளியே தேர்ந்துகொள்ளட்டும் என்பது ஜனநாயகமாகத்தான் ஒலிக்கிறது. ஆனால் சாதிச் சமூகத்தில் குழு என்பது ஆலைக்கு வருவதற்கு முன்பே பிறப்பால் தேர்ந்து முடிக்கப்பட்டது. யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது, யார் பானையில் தண்ணீர் குடிப்பது என்பதெல்லாம் ஊரிலேயே முடிவாகித்தான் ஆலைக்குள் வருகிறது. கதவைச் சாத்தியபிறகு உள்ளே நடக்கிற ஜனநாயகத்தால் வெளியே நிற்கிறவனுக்கு என்ன பயன்? மாற்றம் பற்றிய எந்த ஆய்வும் இந்தக் கதவிலிருந்துதான் தொடங்கியிருக்க வேண்டும்.

3

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். சென்னை மாநகராட்சி 1688ல் தொடங்கியது. இவ்வளவு பழைய நிறுவனம் கடந்த 25 ஆண்டுகளில் மாற்றிக்கொண்டதுபோல அதற்கு முன்பு மாற்றிக்கொண்டதே இல்லை எனலாம். 2000ல் தென்சென்னை, மத்திய சென்னை மண்டலங்கள் மூன்றின் குப்பை ஓனிக்ஸ் என்ற பன்னாட்டுக் கம்பெனியிடம் போனது. அந்த மண்டலங்களில் இருந்த நிரந்தரத் தொழிலாளர்களை வேறு மண்டலங்களுக்கு அனுப்பினார்கள். கம்பெனி போய்ப் பல வருஷம் ஆகியும் குப்பை வண்டியை ‘ஓனிக்ஸ் வண்டி’ என்றும் கூட்டுகிறவர்களை ‘ஓனிக்ஸ்காரங்க’ என்றும் சொல்லும் பழக்கம் மெட்ராஸில் போகவில்லை. 2007ல் நீல் மெட்டல் ஃபனால்கா வந்தது. பிறகு ராம்கி. 2020ல் ஸ்பெயின் நாட்டுக் கம்பெனி பங்குகொண்ட உர்பேசர் சுமீத் வந்து தேனாம்பேட்டை, கோடம்பாக்கம், அடையாறு உள்ளிட்ட ஏழு மண்டலங்களை எடுத்துக்கொண்டது. நந்தனமும் தி. நகரும் மயிலாப்பூரும் இதற்குள் அடக்கம்.

என்னவெல்லாம் மாறியது என்று ஒரு கணக்குப் போடலாம். ஓனிக்ஸுக்கு டன் கணக்கில் பணம். எடைக்குப் பணம் என்றால் எடை கூடுவதே லாபம். தெருவில் குப்பை குறைவது கம்பெனிக்கு நஷ்டம். பிறகு எடையை விட்டுவிட்டு செயல்திறன் குறியீடுகளைப் பார்த்துப் பணம் தருவது என்று மாற்றினார்கள். மூன்று சக்கரத் தள்ளுவண்டி போய் பேட்டரி வண்டி வந்தது. சீருடை வந்தது. ரேகை வைத்தும் முகம் காட்டியும் வருகை பதியும் எந்திரம் வந்தது. பெயர்கூட மாறியது. ஒரு காலத்தில் தோட்டி, பிறகு துப்புரவுத் தொழிலாளர், 2020ல் அரசு அறிவித்தபடி தூய்மைப் பணியாளர். இவ்வளவும் மாறியும் துடைப்பம் பிடிக்கிற கை மாறவில்லை. ஆதி ஆந்திரர், அருந்ததியர், பறையர் என்று அதே சனங்கள், அதிலும் பெரும்பகுதி பெண்கள். கம்பெனி பிரான்ஸிலிருந்து வந்தாலும் டில்லியிலிருந்து வந்தாலும் ஆள் எடுக்க வருவது அதே குடிசைப்பகுதிக்குத்தான். உலகளாவிய மூலதனத்துக்கு நம் சாதி வரைபடம் மனப்பாடம்.

ஒப்பந்தமுறை என்ற மாற்றத்தின் உள்ளடக்கம் என்ன? வேலை நிறுவனத்துக்குள்ளேயே இருக்கிறது. வேலை செய்கிறவர் வெளியே தள்ளப்படுகிறார். தெரு மாநகராட்சியுடையது, குப்பை மாநகராட்சியின் பொறுப்பு, வரி வாங்குவது மாநகராட்சி. கூட்டுகிற ஆயா மட்டும் மாநகராட்சி ஆள் இல்லை. நமக்கு இது புது ஏற்பாடே கிடையாது. ஊர் என்ற நிறுவனம் காலங்காலமாக இப்படித்தான் நடந்திருக்கிறது. சாவுக்குப் பறையடிக்க, செத்த மாட்டைத் தூக்க, தண்ணி பாய்ச்ச, வெட்டியான் வேலை பார்க்கச் சேரி வேண்டும். ஆனால் சேரி ஊரில் சேராது. ஊர்க்கூட்டத்தில் அதற்கு இடம் கிடையாது. ஊர் எடுக்கிற முடிவு மட்டும் சேரிக்கு வந்துசேரும். ஒப்பந்தமுறை என்பது நவீன அலுவலகம் தனக்கென்று கட்டிக்கொண்ட சேரி. நிர்வாகவியல் இதற்கு வெளிமுகமை என்று பெயர் வைத்திருக்கிறது.

சட்டம் என்ன செய்தது? தமிழ்நாட்டில் 1981ல் ஒரு நல்ல சட்டம் வந்தது. 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவருக்கு நிரந்தரத் தகுதி தரவேண்டும் என்கிறது அது. கம்பெனியை மாற்றிக்கொண்டே இருந்தால் அந்த 480 நாளை யாரிடம் போய்க் காட்டுவது? ஒப்பந்தமுறை தடைசெய்யப்பட்ட இடத்தில் தொழிலாளர்களை முதன்மை நிறுவனமே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஏர் இந்தியா வழக்கில் 1996ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2001ல் ஸ்டீல் அதாரிட்டி வழக்கில் அதே நீதிமன்றம் அதைத் திருப்பிப்போட்டது. 2006ல் உமாதேவி வழக்கில், தற்காலிகமாக எத்தனை வருஷம் வேலை செய்தாலும் நிரந்தரம் கேட்க உரிமை வந்துவிடாது என்றது. நீதிமன்றமும் காலத்துக்கேற்ப மாறித்தான் இருக்கிறது.

4

2025ல் ராயபுரம், திரு.வி.க. நகர் என்ற இரண்டு மண்டலங்களும் தனியாரிடம் போயின. ஆகஸ்ட் 1 முதல் தொழிலாளர்கள் ரிப்பன் கட்டடத்தின் வாசலில் உட்கார்ந்தார்கள். தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் பேரில் பல ஆண்டுகளாக மாநகராட்சியில் வேலை செய்தவர்கள் இவர்கள். மாதம் 22,000 ரூபாய்க்கு மேல் வாங்கிய கூலி கம்பெனிக்குப் போனால் ஏறக்குறைய 17,000க்கு இறங்கும் என்பது அவர்கள் கணக்கு. யாருக்கும் வேலை போகாது, வைப்புநிதி உண்டு, காப்பீடு உண்டு என்பது நிர்வாகத்தின் பதில். 13 நாள் வெயிலிலும் மழையிலும் நடைபாதையில் பெண்கள் இருந்தார்கள். ஆகஸ்ட் 13 அன்று நீதிமன்றம் நடைபாதையிலிருந்து அகற்றச் சொல்ல, நள்ளிரவில் போலீஸ் வந்து அள்ளிக்கொண்டு போனது. மறுநாளே அமைச்சரவை கூடி இலவசக் காலை உணவு, காப்பீடு, வீடு, பிள்ளைகளுக்குப் படிப்பு உதவி என்று திட்டங்களை அறிவித்தது.

காலை உணவு நல்லதுதான். விடியற்காலையில் பட்டினியோடு கூட்ட வருகிறவருக்கு அதன் அருமை தெரியும். ஆனால் ‘எங்களைக் கேட்காமல் எங்களை ஏன் கைமாற்றினாய்’ என்ற கேள்விக்கு இட்லி பதிலாகாது. கொடுப்பவனுக்கு எப்போது வேண்டுமானாலும் கொடுக்கவும் நிறுத்தவும் முடிவதைத்தான் சலுகை என்கிறோம். கேட்டவர்கள் உரிமை கேட்டார்கள். பண்ணையார் பொங்கலுக்கு வேட்டி கொடுத்த வரலாறு நமக்குத் தெரியாதா?

திரு.வி.க. நகர் என்ற பெயரையும் யோசித்துப் பார்க்கவேண்டும். 1918ல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர்களில் ஒருவர் பெயர் அது. அந்த மண்டலத்துக்குள்தான் புளியந்தோப்பு வருகிறது. 1921ல் பின்னி ஆலை வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்பினார்கள் என்பதற்காகப் புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. எம்.சி. ராஜா அவர்கள் தரப்பைப் பேசினார். தொழிற்சங்க வரலாறு அவர்களைக் கருங்காலி என்று எழுதி மூடிவிட்டது. வேலைநிறுத்தம் என்ற முடிவில் அவர்களுக்கு எவ்வளவு குரல் இருந்தது, சேமிப்பு இல்லாதவன் எத்தனை மாதம் பட்டினி கிடப்பான் என்று யார் கேட்டார்கள்? முதலாளி மட்டுமல்ல, சங்கமும் ஒரு நிறுவனம்தான். அதற்குள்ளும் ஊரும் சேரியும் உண்டு.

5

அந்த ஆகஸ்டிலேயே நம் தரப்புக்குள் ஒரு வாதம் எழுந்தது. பணி நிரந்தரம் கேட்பது குப்பை அள்ளுகிறவர்களையே குப்பை அள்ள வைத்துவிடும், அந்தத் தொழிலிலிருந்து மீட்பதல்லவா நம் வேலை என்ற பொருளில் தொல். திருமாவளவன் பேசினார். கடுமையான எதிர்ப்பும் வந்தது. இதை அரசியல் கூட்டணிக் கணக்கு என்று மட்டும் தள்ளிவிட நான் தயாரில்லை. அந்த வாதத்துக்குள் ஒரு உண்மையான அறக்கேள்வி இருக்கிறது. பிறப்பால் சுமத்தப்பட்ட தொழிலை விடச்சொன்னவர் அம்பேத்கர். அப்பன் செத்தால் வாரிசு வேலை என்று பட்டம் படித்த பிள்ளை கையிலும் துடைப்பத்தைக் கொடுக்கிற நிரந்தரத்தை நாம் எப்படிக் கொண்டாட முடியும்?

மறுபக்கத்தைப் பார்ப்போம். இந்தத் தொழிலிலிருந்து வெளியே வந்த குடும்பங்கள் எப்படி வந்தன? பெரும்பாலும் அம்மாவோ அப்பாவோ வாங்கிய நிரந்தரச் சம்பளத்தில் பீஸ் கட்டி வந்தன. பென்ஷன் இருந்ததால் பேத்தி காலேஜ் போனாள். கூலி 5,000 ரூபாய் குறைந்தால் முதலில் நிற்பது பிள்ளையின் படிப்பு. படிப்பு நின்ற பிள்ளை எந்த வேலைக்கு வரும்? ஆக, தொழிலைப் பரம்பரையாக்குவதில் ஒப்பந்தக் கூலிக்கும் பெரிய பங்கு இருக்கிறது. அதைப் பற்றி வாதம் மௌனம் காக்கிறது.

இன்னொன்று. 2018ல் சட்டப்பேரவைச் செயலகத்தில் 14 துப்புரவுப் பணியிடங்களுக்கு விண்ணப்பம் கேட்டபோது நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போட்டார்கள். அதில் இன்ஜினியர்களும் எம்.பி.ஏ. படித்தவர்களும் இருந்தார்கள். 2019ல் கோவை மாநகராட்சியின் 549 இடங்களுக்கு 7,000 பேர். நிரந்தரமும் நல்ல சம்பளமும் வந்தால் சாதி இந்துவும் வரிசையில் நிற்கிறான் என்பது இதில் தெரிகிறது. உடனே சந்தோஷப்பட்டுவிட வேண்டாம். அப்படிச் சேர்ந்த மற்ற சாதியார் அலுவலக உதவி, கணினி வேலை என்று நிழலுக்குப் போய்விட, தெரு மறுபடி நம்மவர்களுக்கே வருகிறது என்பது தொழிற்சங்கங்கள் பல ஊர்களில் சொல்லிவரும் புகார். சம்பளம் எல்லோருக்கும், குப்பை நமக்கு. நிறுவனத்துக்குள்ளும் ஒரு ஊர்-சேரி.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நிரந்தரமா விடுதலையா என்று கேள்வியை வைப்பதே சரியில்லை என்று படுகிறது. விடுதலைக்கான செலவை யார் தாங்குவது என்பதுதான் கேள்வி. தொழிலிலிருந்து மீட்கிறேன் என்று சொல்கிறவர் மாற்று வேலையைக் கையில் வைத்துக்கொண்டு பேசவேண்டும். அதே சம்பளத்தில் ஓட்டுநர், மேற்பார்வையாளர், எழுத்தர் என்று ஏறிப்போகப் படிக்கட்டு வேண்டும். எந்திரம் வந்தால் அது வேலை செய்கிறவர்களின் கூட்டுறவுக்கு உடைமையாக வேண்டும். தெருவில் இறங்கும் பணி எல்லாச் சாதிக்கும் சுழற்சியில் வரவேண்டும். இதில் எதுவும் இல்லாமல், இருக்கிற நிரந்தரத்தையும் பிடுங்கிக் கம்பெனியிடம் கொடுத்துவிட்டு அதற்குச் சாதி ஒழிப்பு என்று பெயர் வைத்தால், மூவாயிரம் வருஷப் பாவத்துக்குப் பிராயச்சித்தம் செய்கிற செலவையும் பாதிக்கப்பட்டவர் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வதாகும். கடன்பட்டவன் கொடுக்க வேண்டியதைக் கடன்கொடுத்தவன் கொடுப்பது எந்த ஊர் நியாயம்?

இங்கிருந்து முதல் கேள்விக்கு என் பதிலைச் சொல்லலாம். கேட்கப்படாத மாற்றத்தை ஏற்றுக்கொள்ளத் தொழிலாளிக்குக் கடமை இல்லை. எல்லா மாற்றத்தையும் தடுக்கும் உரிமை அவருக்கு உண்டு என்று இதற்குப் பொருளாகாது. பின்னி ஆலைத் தொழிலாளிக்கோ நெசவுப் பிரிவின் சாதி இந்துவுக்கோ, ‘எங்களைக் கேட்காமல் தலித்தை உள்ளே விடாதே’ என்று சொல்லும் உரிமையை நாம் கொடுக்கமாட்டோம். வித்தியாசம் இங்கேதான். ஒருவர் தன் வாழ்வைக் காத்துக்கொள்ள எதிர்க்கிறார், இன்னொருவர் அடுத்தவரை வெளியே நிறுத்தி வைக்க எதிர்க்கிறார். இரண்டையும் ‘மாற்றத்துக்கான எதிர்ப்பு’ என்று ஒரே அத்தியாயத்தில் போடும் நிர்வாகவியலுக்கு இந்த வித்தியாசம் தெரிவதில்லை. ஆகவே ஒவ்வொரு மாற்றத்திடமும் மூன்று விஷயம் கேட்போம். யாரைக் கேட்டாய்? இதற்கு விலை கொடுப்பவர் யார்? ஊருக்கும் சேரிக்கும் நடுவே இருந்த சுவர் இதனால் ஒரு அடியாவது நகர்ந்ததா?

இதே கேள்விகளை நம் இயக்கங்களிடமும் கேட்கவேண்டும். 13 நாள் ரோட்டில் உட்கார்ந்தவர்களில் பெண்களே அதிகம். அவர்கள் கூலியையும் குடியிருப்பையும் பற்றி விவாதித்த மேடைகளிலும் தொலைக்காட்சிகளிலும் பேசியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அந்த அக்காமார்களில் எத்தனை பேர் நம் அமைப்புகளின் செயற்குழுவில் இருக்கிறார்கள்? முடிவெடுக்கும் இடத்தில் இல்லாதவருக்காக முடிவெடுப்பதை மாநகராட்சி செய்தால் அநியாயம், நாம் செய்தால் வழிநடத்தலா?

6

அப்படியானால் இந்தப் படிப்பு நமக்கு எதற்கு? தேவைதான். சைதாப்பேட்டை எம்.சி. ராஜா விடுதியில் தங்கிப் படிக்கிற பிள்ளைகளில் சிலர் நாளை நிர்வாகவியலும் படிப்பார்கள், மனிதவள அதிகாரிகளாகவும் ஆவார்கள். அதிகாரம் இன்று பேசும் மொழி அதுதான். அம்பேத்கர் பொருளாதாரம் படித்தது வெள்ளைக்காரனைப் போலப் பேசுவதற்காக அல்ல. 1942ல் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை ஏற்றபின் அரசு, முதலாளி, தொழிலாளி மூவரும் ஒரே மேசையில் உட்காரும் முத்தரப்பு மாநாடுகளை அவர் நடத்தினார். யாரைக் கேட்பது என்ற கேள்விக்கு நிறுவன வடிவிலேயே பதில் தேடிய முயற்சி அது.

குப்பை ஒப்பந்தங்கள் பொது ஆவணங்கள். 2005ன் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம். செயல்திறன் குறியீடுகள் எத்தனை, அதில் தெருவின் சுத்தத்துக்கு எத்தனை, கூட்டுகிறவரின் கையுறைக்கும் கழிப்பறைக்கும் கூலிக்கும் எத்தனை என்று எண்ணிப் பார்க்கலாம். ஒரு மண்டலத்தில் ஓட்டுநர், மேற்பார்வையாளர், கூட்டுகிறவர் ஆகியோரின் சாதி என்ன என்று கணக்கெடுக்கலாம். இந்தப் பாடத்தில் திட்டக்கட்டுரை எழுத வேண்டிய மாணவர் ஏதோ ஒரு மென்பொருள் கம்பெனியைத் தேடி ஓட வேண்டியதில்லை. நந்தனத்தில் காலை ஐந்தரை மணிக்கு வருகைப்பதிவு நடக்கிற இடத்துக்குப் போனால் போதும். எழுதி முடித்ததும் முதல் பிரதியைப் பேராசிரியரிடம் கொடுப்பதற்கு முன்னால் அங்கே நிற்கிற அக்காவிடம் வாசித்துக் காட்டவேண்டும். ‘இது சரியில்லப்பா’ என்று அவர் சொன்னால் திருத்த வேண்டும்.